மாட்ரிட்டின் மதியச் சாப்பாடு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்பெயினுக்குப் போனால் எந்த அரண்மனையைப் பார்க்க வேண்டும், எந்த ஓவியத்தின் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். மதியம் பசிக்கும்போது எங்கே போய் உட்காருவது, என்ன கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. நம்மவர்கள் பலர் மாட்ரிட்டில் இறங்கி, பெரிய சதுக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, படம் போட்ட அட்டையைக் காட்டி எதையோ வாங்கி, முப்பது யூரோ கொடுத்து, அரை வயிற்றோடு எழுந்து வருகிறார்கள். "ஐரோப்பாவில் சாப்பாடு விலை அதிகம், ருசியும் இல்லை" என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள். அதே நேரத்தில், அதே நகரத்தில், நாலு தெரு தள்ளி, ஒரு கொத்தனாரும் வங்கி ஊழியரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினான்கு யூரோவுக்கு வயிறு நிறையச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மேசைக்கு உங்களைக் கூட்டிப்போவதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்ரிட்டில் நியாய விலையில் கிடைக்கும் நல்ல மதியச் சாப்பாடு, அந்த நகரத்தில் வேலை செய்பவர்களுக்காக உருவாகி நிலைத்த ஏற்பாடு. அவர்கள் சாப்பிடும் நேரத்தில், அவர்கள் சாப்பிடும் தெருவில், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுபவருக்கு அது தானாகக் கிடைக்கும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் விலை ஏறும், தரம் இறங்கும்.

அந்த ஏற்பாட்டுக்கு ஸ்பெயினில் 'மெனு தெல் தியா' என்று பெயர். அன்றைய சாப்பாடு. ஒரே விலைக்கு முதல் வட்டில், இரண்டாம் வட்டில், கடைசியில் ஓர் இனிப்போ பழமோ காபியோ, கூடவே ரொட்டி, குடிப்பதற்குத் தண்ணீரோ ஒயினோ பீரோ. முதல் வட்டிலில் சூப், பருப்பு, கொண்டைக்கடலை, காய்கறி, சாலட், சோறு, பாஸ்தா என்று நாலைந்து வகை இருக்கும். ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாம் வட்டிலில் மீன், கோழி, இறைச்சி, முட்டை என்று இன்னும் நாலைந்து வகை, அதிலும் ஒன்று. முதல் வட்டில் என்றதும் பசிதூண்டும் சிறு கிண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவே ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரும். இன்றைக்கு மாட்ரிட்டின் சாதாரணத் தெருக்களில் இதற்கு 12 முதல் 16 யூரோ வரை வாங்குகிறார்கள். வரி அதற்குள் அடக்கம். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குள் ஒரு முழு மதியம் முடிந்துவிடும். நம்மூர்க் கணக்கில் இது பெரிய தொகைதான். ஆனால் சுற்றுலாச் சதுக்கத்தில் அதே பணத்துக்கு ஒரு வட்டில் கிடைப்பதே அரிது.

இது எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்பெயின் பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தது. உள்நாட்டுப் போரும் அதன்பின் நீண்ட பஞ்சமும் கண்ட நாடு, அந்நியச் செலாவணிக்காகக் கடற்கரைகளை வெளிநாட்டாருக்குத் திறந்தது. 1960-ல் வந்த பயணிகள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 1973-ல் அந்த எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டியது. வருகிறவர்களிடம் உணவகங்கள் கண்டபடி விலை வாங்கினால் நாட்டின் பெயர் கெடும் என்று அரசு கருதியது. அப்போது தகவல், சுற்றுலாத் துறைக்கு அமைச்சராக இருந்தவர் மானுவேல் பிராகா. அவருடைய அமைச்சகம் 1964-ல் 'சுற்றுலா மெனு' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: உணவகங்கள் ரொட்டியும் ஒயினும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாட்டை நிலையான விலைக்குத் தர வேண்டும். 1965-ல் உணவகங்களை முட்கரண்டிக் குறியீட்டால் தரம் பிரித்தார்கள். ஒன்று முதல் ஐந்து முட்கரண்டி வரை வாசலில் பொறித்திருக்கும்.

வெளிநாட்டாரை மனத்தில் வைத்துத் தொடங்கிய ஏற்பாட்டை உள்நாட்டு உழைப்பாளிகள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே ஆண்டுகளில் எஸ்த்ரெமாதுரா, காஸ்தியா, அந்தலூசியா கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வேலை தேடி மாட்ரிட்டுக்கு வந்தார்கள். வயேகாஸ், கராபான்செல் போன்ற புறநகர்களில் குடியேறினார்கள். கட்டட வேலையும் தொழிற்சாலை வேலையும் நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்தன. மதியம் வீட்டுக்குப் போய்வர முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வீட்டுச் சமையலைப் போன்ற, சட்டென்று கிடைக்கிற, கூலிக்குக் கட்டுப்படியாகிற சாப்பாடு. தெருமுனைக் கடைகள் அதைக் கொடுத்தன. அரசின் கட்டாயம் தளர்ந்து மறைந்த பிறகும் பழக்கம் நிலைத்துவிட்டது. இன்று அன்றைய சாப்பாட்டை எழுதிய கரும்பலகையைக் கடை வாசலில் வைக்கும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை, வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். பன்னிரண்டரைக்குப் பசித்துக் கடைக்குள் நுழைந்தால், மேசை விரிப்பே போட்டிருக்க மாட்டார்கள். மாட்ரிட்டில் மதியச் சாப்பாடு ஒன்றரைக்குத் தொடங்கி நாலு மணி வரை நீளும். கூட்டம் நெரிவது இரண்டேகால் முதல் மூன்று மணி வரை. இதைச் சோம்பல் என்று சிலர் எழுதுவார்கள். உண்மையில் அது கடிகாரத்தின் வேலை. ஸ்பெயினின் பெரும்பகுதி புவியியல்படி கிரீனிச்சுக்கு மேற்கே, இங்கிலாந்துக்கு நேர்கீழே இருக்கிறது. 1940 மார்ச்சில் பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடும். அதனால் கோடைகால மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ இரண்டேகால் மணிக்கு. இரண்டேகாலுக்குச் சாப்பிட உட்காரும் தச்சர், வெயிலின் கணக்குப்படி சரியாக நண்பகலில்தான் உட்காருகிறார்.

அதற்கேற்ப நாளை நாம் வகுத்துக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்கு உள்ளூர்க்காரர்களைப் போலவே ஒரு காபியும், தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு முட்டை அடையில் ஒரு துண்டும் சாப்பிட்டால் இரண்டு மணி வரை தாங்கும். ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையில் கடைக்குள் போனால் இடமும் கிடைக்கும், பலகையில் எழுதிய எல்லா வகையும் இருக்கும். மூன்றரைக்குப் போனால் நல்ல குழம்பு தீர்ந்துபோய், மிச்சமிருப்பதை வாங்க வேண்டிவரும். மதியம் இப்படி நிறைவாகச் சாப்பிட்டவருக்கு இரவு ஒரு பழமோ ஒரு கிண்ணம் சூப்போ போதும். ஒரு நாளின் உணவுச் செலவே இதனால் பாதியாகிவிடும். இன்னொரு வசதியும் உண்டு: பிராதோ அருங்காட்சியகத்தில் திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் எட்டு வரை கட்டணம் இல்லை. சாப்பிட்டு எழுந்து, ரெதீரோ பூங்காவின் மர நிழலில் நடந்து, ஆறு மணி வரிசையில் நிற்கலாம்.

கிழமையும் முக்கியம். இந்தச் சாப்பாடு வேலை நாளுக்கானது. திங்கள் முதல் வெள்ளி வரைதான் உண்மையான விலை. சனி, ஞாயிறுகளில் பல கடைகளில் கிடைக்காது; கிடைத்தால் நாலைந்து யூரோ கூடுதலாக இருக்கும். ஆகஸ்ட் மாதம் கடைக்காரர்களே குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். 'விடுமுறைக்காக மூடியிருக்கிறது' என்ற தாள் ஒட்டிய கதவுகள் தெருவெங்கும் இருக்கும். வாரத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. பருப்புக் குழம்பு, கொண்டைக்கடலை, வெள்ளை மொச்சை ஆகியவை முறை வைத்து வரும். வியாழக்கிழமை பல கடைகளில் அரிசி நாள், பாயேயா என்ற அரிசி உணவு போடுவார்கள். வாரத்தின் நடுநாள்களில் ஏதாவது ஒன்றில் 'கொஸிதோ' இருக்கும்.

கொஸிதோவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மாட்ரிட்டின் சமையல் அறிவு முழுவதும் அதற்குள் இருக்கிறது. முந்தைய இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, கோழி, பன்றிக் கொழுப்பு, எலும்பு, சோரிஸோ என்ற மிளகாய்த்தூள் தொத்திறைச்சி எல்லாம் மணிக்கணக்கில் சிறு தீயில் வேகும். பிறகு அதை மூன்று பகுதியாகப் பரிமாறுவார்கள். முதலில் அந்தச் சாறு, மெல்லிய சேமியாவோடு. அடுத்து கடலையும் காய்கறியும். கடைசியில் இறைச்சி. யூதர்கள் ஓய்வுநாளுக்காக முந்தைய நாள் மாலையே அடுப்பேற்றி வைத்த 'அதாபினா' என்ற கடலைக் குழம்பிலிருந்து இது வந்தது என்று உணவு வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. 1492-ல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மதம் மாறி நாட்டிலேயே தங்கியவர்கள் தங்கள் மாற்றத்தை மெய்ப்பிக்கப் பானையில் பன்றி இறைச்சியைச் சேர்க்க வேண்டிய நிலை இருந்தது. ஒரு மலிவான மதியச் சாப்பாட்டின் அடியில் இவ்வளவு துயரம் படிந்திருக்கிறது என்பதை அறிந்து உண்பவர் அந்த ஊரைக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்.

இத்தனையும் இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? கடைக்காரர் தருமம் செய்யவில்லை. நுட்பமான கணக்கு ஒன்று பின்னால் இருக்கிறது. நாளுக்கு எட்டுப் பத்து வகைதான் சமைக்கிறார். அதில் பாதி, பெரிய பானையில் ஒரே முறை ஏற்றி இறக்கும் குழம்புகள். பருப்பும் கடலையும் விலை குறைந்தவை. அன்று சந்தையில் மலிந்திருக்கும் மீனும் காயும்தான் பலகையில் ஏறும். ஒரே மேசையில் இரண்டு சுற்று ஆள் உட்காருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் தினமும் வருகிறவர்கள்; எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரியும், வீணாவது குறைவு. அதோடு கடை காலை ஏழு மணிக்கே திறந்துவிடுகிறது. காலைக் காபி, பதினொரு மணித் தோர்த்தியா, மாலை பீர் என்று நாள் முழுவதும் சிறு சிறு வரவு. மதியச் சாப்பாட்டில் லாபம் மெலிதாக இருந்தாலும் வாடகையை மற்ற வேளைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே பலகையில் அன்றைக்கு எழுதியிருப்பதைச் சாப்பிடுபவருக்குத்தான் இந்தக் கணக்கின் பலன். தனியாக வேறொன்று கேட்டால் அந்த நொடியே கணக்கு மாறிவிடும்.

இனி இடம். மாட்ரிட்டின் மையம் சோல் சதுக்கம். அதைச் சுற்றி பிளாசா மயோர், கிரான் வியா, சான் மிகேல் சந்தை. சான் மிகேல் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய அழகான கட்டடம், 1916-ல் திறந்தது. ஒருகாலத்தில் காய்கறியும் மீனும் விற்ற அங்காடி, 2009 முதல் பயணிகளுக்கான உணவுக் கூடமாக இயங்குகிறது. போய்ப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்க வேண்டாம். பிளாசா மயோருக்குப் பின்னால் போதின் என்ற உணவகம் 1725 முதல் நடக்கிறது; உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. வாழ்நாளில் ஒருமுறை போகத் தகுந்த இடம்தான், ஆனால் நாம் தேடும் விலைக்கு அங்கே இடமில்லை.

சோலிலிருந்து மெட்ரோவின் முதல் வழித்தடத்தில் ஏறுங்கள். 1919-ல் மாட்ரிட்டின் முதல் மெட்ரோ ஓடியது சோலுக்கும் குவாத்ரோ காமினோஸுக்கும் இடையேதான். அந்தப் பழைய பாதையே உங்களை வழிநடத்தும். பில்பாவோ, இக்லேசியா நிலையங்களில் இறங்கினால் சாம்பெரி பகுதி: அலுவலகங்களும் பழைய குடியிருப்புகளும் கலந்த, நடுத்தர வகுப்பினரின் வட்டாரம். அங்கே மெனு ஓரிரு யூரோ கூடுதல், சமையல் நேர்த்தியானது. குவாத்ரோ காமினோஸ், அல்வராதோ, எஸ்த்ரேச்சோ நிலையங்களில் இறங்கினால் தெத்துவான் பகுதி. பிராவோ முரியோ என்ற நெடுந்தெருவை ஒட்டி மரவியாஸ் சந்தை இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் இன்றும் மீனும் கறியும் வாங்கும் பெரிய சந்தை. சந்தைக்கு அக்கம்பக்கத் தெருக்களில் விலை இறங்கும். தொமினிக்கன் குடியரசு, எக்வதோர், பெரு நாடுகளிலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள் அங்கே நிறைய. சோறும் அவரையும் கோழியும் வைத்து அவர்களும் மதிய மெனு போடுகிறார்கள்.

தெற்கே போனால் லாவாபியேஸ். வங்கதேசத்தவர், செனகல் நாட்டவர், மொராக்கோவினர் கூடி வாழும் இடம். நம் நாக்குக்குப் பழக்கமான மசாலா வேண்டுமென்றால் அங்கே கிடைக்கும். இன்னும் தெற்கே உசேராவில் சீனக் குடும்பங்கள் வாழ்கின்றன. இங்கே ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. ஓய்வுபெறும் ஸ்பானியக் கடைக்காரர்களிடமிருந்து தெருமுனைக் கடைகளைச் சீனக் குடும்பங்கள் பல இடங்களில் வாங்கியிருக்கின்றன. பெயர்ப் பலகையை மாற்றவில்லை, சமையலையும் மாற்றவில்லை. அதே பருப்புக் குழம்பு, அதே தோர்த்தியா. இந்த மதிய மேசை யார் சமைத்தாலும் பிழைத்திருக்கும் அளவுக்கு நகரத்தின் உடைமையாகிவிட்டது.

எந்தக் கடை நல்ல கடை என்று வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம். பலகை கையால் எழுதியதாக இருக்க வேண்டும். நேற்றைய எழுத்தை அழித்த தடம் தெரிந்தால் இன்னும் நல்லது. வகைகள் பத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் மட்டும் எழுதியிருந்தால் தயங்காமல் நுழையுங்கள். உள்ளே தனியாக உட்கார்ந்து சாப்பிடும் முதியவர்களும், மின்னும் மேற்சட்டை அணிந்த சாலைப் பணியாளர்களும், காகித மேசைவிரிப்பும், சுவரில் மூன்று மணிச் செய்தி ஓடும் தொலைக்காட்சியும் நல்ல சான்றுகள். ஆறு மொழியில் அச்சடித்த அட்டை, விளக்குப் போட்ட பாயேயாப் படம், வாசலில் நின்று கையைப் பிடித்து அழைக்கும் ஆள் இவை மூன்றும் விலகிப் போகச் சொல்லும் குறிகள். உண்மையான பாயேயாவை அரிசி போட்டு ஆக்கிமுடிக்க நேரம் பிடிக்கும். எந்த நேரம் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் வருவது, எங்கோ உறையவைத்துக் கொண்டுவந்து இங்கே சூடாக்கியது.

மேசையில் உட்கார்ந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஸ்பெயினில் 'மெனு' என்றால் இந்த ஒரே விலைச் சாப்பாடு. தனித்தனி விலை போட்ட பட்டியலுக்குக் 'கார்த்தா' என்று பெயர். பயணி என்று தெரிந்ததும் சில இடங்களில் கார்த்தாவைத்தான் நீட்டுவார்கள். "அய் மெனு தெல் தியா?" என்று கேளுங்கள். அன்றைய சாப்பாடு இருக்கிறதா என்று பொருள். பரிமாறுபவர் வகைகளை வாயாலேயே வேகமாக ஒப்பிப்பார். புரியாவிட்டால் பலகையைக் காட்டச் சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சில வகைக்கு அருகில் கூடுதலாக இரண்டு யூரோ, மூன்று யூரோ என்று குறித்திருக்கும். அதைத் தேர்ந்தால் அவ்வளவு ஏறும். வெளியே நடைபாதை மேசையில் உட்கார்ந்தால் சில கடைகளில் விலை கூடும். இனிப்பும் காபியும் இரண்டும் சேருமா, ஏதாவது ஒன்றுதானா என்று பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்காகப் பணம் தர வேண்டியதில்லை. 2022-ன் கழிவுச் சட்டப்படி, குழாய்த் தண்ணீர் கேட்பவருக்கு உணவகங்கள் இலவசமாகத் தர வேண்டும். மாட்ரிட்டின் குழாய் நீர் மலையிலிருந்து வருவது, நல்ல சுவை. அன்பளிப்புப் பணம் கட்டாயமில்லை. சில்லறையை விட்டு வருவார்கள், அவ்வளவுதான். ஒரு மெனுவை இருவர் பங்கிடுவதைக் கடைகள் ஏற்பதில்லை. சிறிதளவே சாப்பிடுபவர்கள் 'மெதியோ மெனு' கேட்கலாம்: ஒரே வட்டில், ரொட்டி, பானம், இனிப்பு. விலையும் அதற்கேற்பக் குறையும்.

நம்மவர்களில் சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். மாட்ரிட்டில் பட்டினி கிடக்க வேண்டிய தேவை இல்லை, ஆனால் விழிப்பு வேண்டும். பருப்புக் குழம்பு என்று இருக்கும். உள்ளே சோரிஸோ மிதக்கும். பீன்ஸ் என்று இருக்கும். 'ஹாமோன்' என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையைத் துண்டுகளாகப் போட்டு வதக்கியிருப்பார்கள். சாலட்டில் டியூனா மீன் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாமோனும் மீனும் அதில் அடங்காது என்றே பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இறைச்சி, மீன், ஹாமோன் மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வேண்டும்: "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்." கோடையில் காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு, தக்காளி, குடமிளகாய், சீமைச்சுரைக்காய் சேர்த்து வதக்கிய பிஸ்தோ, கீரையும் கொண்டைக்கடலையும் கிடைக்கும். முட்டை சாப்பிடுபவர்களுக்குத் தோர்த்தியா எப்போதும் உண்டு. சில கடைகளில் இரண்டு முதல் வட்டில்களைத் தேர்ந்துகொள்ள விடுவார்கள். "தோஸ் பிரிமேரோஸ்" என்று கேட்டுப் பாருங்கள். மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாதவர்கள் சோரிஸோ, ஹாமோனோடு 'தெர்னேரா', 'செர்தோ' என்ற இரண்டு பெயர்களையும் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. 'பொயோ' கோழி. 'மெர்லூசா' என்பது வெள்ளைச் சதையும் மென்மையும் கொண்ட கடல்மீன். மெனுவில் அடிக்கடி வரும்.

கையில் மெனுவுக்கும் பணமில்லாத மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. பிளாசா மயோரைச் சுற்றியுள்ள சந்துகளில் கணவாய் வறுவலை நீள ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள்; நாலைந்து யூரோதான். கடலே இல்லாத நகரத்தின் பெருமைக்குரிய உணவு அது. சோலுக்குப் பக்கத்தில் 1860 முதல் நடக்கும் காசா லாப்ரா என்ற கடையில் மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன் துண்டை நின்றபடி சாப்பிடலாம். ஸ்பெயினின் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி 1879-ல் மறைவாகத் தொடங்கப்பட்டது அந்தக் கடையில்தான். பாப்லோ இக்லேசியாஸ் என்ற அச்சுத் தொழிலாளியும் அவருடைய தோழர்களும் அங்கே உணவுக்குக் கூடுவதாகக் காட்டிக்கொண்டு கட்சியை நிறுவினார்கள். மலிவான மேசைகள் மாட்ரிட்டின் வரலாற்றுக்கு எவ்வளவு செய்திருக்கின்றன என்பதற்கு அது ஒரு சான்று.

இந்த ஏற்பாடு இன்று நெருக்கடியில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் பெசெத்தாவை விட்டு யூரோவுக்கு மாறியது 2002-ல். அதற்குச் சற்று முன்வரை ஆயிரம் பெசெத்தாவுக்கு, அதாவது ஆறு யூரோவுக்கு, மெனு சாதாரணமாகக் கிடைத்தது. இன்று அதன் இரண்டு மடங்குக்கு மேல். நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் உணவுச் சீட்டுக்கு வேலை நாளுக்கு 11 யூரோ வரை வருமான வரி விலக்கு உண்டு. 2018 முதல் அதே அளவில் நிற்கிறது. மெனு விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. 2025-ல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,184 யூரோவாக இருந்தது, ஆண்டுக்கு 14 தவணை. மாதம் இருபது வேலை நாளும் 14 யூரோவுக்குச் சாப்பிட்டால் 280 யூரோ. மாத ஊதியத்தின் கால் பங்கை நெருங்குகிறது. ஆகவே பலர் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வருகிறார்கள். பேரங்காடிகளும் சமைத்த உணவை விற்கத் தொடங்கிவிட்டன. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பரவியதால் அலுவலக வட்டாரங்களில் வெள்ளிக்கிழமை மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. நடு நகரத்தில் குடியிருப்புகள் பயணிகளுக்கான வாடகை வீடுகளாக மாறுகின்றன. குடியிருப்பவர் போய்விட்டால் அவருக்குச் சமைத்த கடையும் போய்விடும். அந்த இடத்தில் படம் போட்ட அட்டைக் கடை வரும்.

இங்கேதான் நம்முடைய பொறுப்பு தொடங்குகிறது. 2024-ல் ஸ்பெயினுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் 9 கோடிக்கும் மேல். அவர்களில் ஒருவராக நாமும் போகிறோம். நாம் எந்த மேசையில் உட்காருகிறோம் என்பது நம் பணப்பையை மட்டும் பொறுத்த விஷயம் இல்லை. பயணிகளுக்கென்றே திறந்த கடையில் உட்காரும்போது அந்த வகைக் கடை வளர்கிறது. தெருமுனைக் கடையில் இரண்டு மணிக்கு உட்கார்ந்து அன்றைய குழம்பைச் சாப்பிட்டால், அந்தத் தெருக்காரர்களுக்காக அடுப்பேற்றும் ஒருவர் தொழிலில் நீடிக்க நாமும் துணையாகிறோம். அங்கே போகும்போது ஒரு பணிவும் வேண்டும். அது அவர்களுடைய இடைவேளை. அரை மணி நேரத்தில் சாப்பிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியவர் வரிசையில் நிற்கும்போது, நாம் மேசையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பத்துப் பேர் கூட்டமாகப் போய்ச் சிறு கடையை நிரப்பவும் கூடாது. "புவேனாஸ் தார்தெஸ்" என்று வணக்கம் சொல்லி நுழையுங்கள். எழும்போது சமையற்கட்டைப் பார்த்து "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒரு நகரம் நல்ல நகரமா என்று அறிய, அங்கே கூலி வேலை செய்பவர் நண்பகலில் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் சூடாக, யாருடைய தயவும் இல்லாமல், தன் சம்பளத்தில் சாப்பிட முடிகிறதா என்று பார்ப்பேன். மாட்ரிட் இந்தச் சோதனையில் அறுபது ஆண்டுகளாகத் தேறிவந்திருக்கிறது. இனியும் தேற வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆகவே, இங்கிருந்து அங்கே படிக்கவோ வேலைக்கோ சுற்றிப்பார்க்கவோ போகும் இளைஞர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு வேலை நாளின் இரண்டு மணியைக் காலியாக வையுங்கள். மெட்ரோ ஏறி, கையால் எழுதிய பலகை இருக்கும் ஒரு தெருவுக்குப் போங்கள். அன்று அவர்கள் சமைத்திருப்பதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். திரும்பி வந்து அடுத்துப் போகிறவருக்கு அந்த வழியைச் சொல்லிக்கொடுங்கள்.